செரில் மில்லர்: லீக் வருவதற்கு முன்பே ஆடி முடித்தவர்

அமெரிக்கக் கூடைப்பந்து பற்றி வந்த கேள்வி இது (என்.பி.ஏ. என்பது அங்கே ஆண்கள் லீக், டபிள்யூ.என்.பி.ஏ. பெண்கள் லீக்): "ரெஜ்ஜி மில்லரின் அக்கா, என்.பி.ஏ. மேட்ச் நடக்கும்போது கோர்ட் ஓரத்தில் மைக்கோடு நின்றவர், இவ்வளவுதான் எனக்கு செரில் மில்லரைப் பற்றித் தெரியும். டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஒரு மேட்ச்கூட ஆடாத ஒருவரை எப்படி எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் என்கிறார்கள்? பயிற்சியாளராகவும் அவர் கோப்பை எதுவும் வாங்கவில்லையே?"

முதல் பாதிக்கு ஆண்டுக் கணக்கே பதில் சொல்லிவிடும். செரில் பிறந்தது 1964 ஜனவரியில், கல்லூரி ஆட்டம் முடிந்தது 1986-ல், டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கியது 1997-ல். நடுவில் போன அந்தப் பதினோரு வருஷம்தான் ஒரு ஆட்டக்காரருக்கு உடம்பும் அனுபவமும் சேர்ந்து கைகொடுக்கிற காலம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெண்களுக்கென்று நிலைத்து நின்ற லீக் ஒன்றும் இல்லை. 1978-ல் தொடங்கிய ஒரு லீக் மூன்றே சீசனில், 1981-ல், மூடப்பட்டுவிட்டது. அப்போது செரில் பள்ளி மாணவி. அடுத்து உருப்படியாக ஒன்று வந்தபோது அவருக்கு முப்பது தாண்டியிருந்தது, முழங்காலும் போயிருந்தது. ஆகவே டபிள்யூ.என்.பி.ஏ. கணக்கை வைத்து அவரை அளந்தால் விடை பூஜ்யம்தான் வரும், அதில் அவரைப் பற்றி எதுவும் தெரியப்போவதில்லை.

சரி, அவர் உண்மையில் என்ன ஆடினார் என்று பார்க்கலாம், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் பயிற்சியாளர் செரிலையும் டிவி செரிலையும் புரிந்துகொள்ள முடியாது.

கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு என்ற ஊர். வீட்டில் ஐந்து பிள்ளைகள், அதில் அண்ணன் டாரல் பின்னாளில் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்காகப் பேஸ்பால் ஆடியவர், தங்கை டாமி கல்லூரியில் வாலிபால். ரெஜ்ஜி இவரைவிட ஒன்றரை வயது சின்னவன். இடுப்பில் கோளாறோடு பிறந்து, சின்ன வயதில் காலில் இரும்புக் கம்பி மாட்டி நடந்த பையன். அவன் நடந்து, ஓடி, பந்தைத் தொட ஆரம்பித்தபோது எதிரே நின்றது அக்கா. வீட்டிலிருந்த கோர்ட்டில் அவன் எறிகிற பந்தையெல்லாம் அவர் தட்டி விழுத்திக்கொண்டே இருந்தார். தட்ட முடியாத உயரத்துக்குப் பந்தை வளைத்து எறியவும், எட்டத்தில் போய் நின்று எறியவும் அவன் பழகிக்கொண்டான். எட்டத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுப்பதில் என்.பி.ஏ.வின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவருடைய எறிதல் இப்படித்தான் உருவானது, இதை ரெஜ்ஜியே பல முறை சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பார்க்கில் போய்க் காசு வைத்து ஆடுவார்களாம். பார்ட்னர் என் அக்காதான் என்று ரெஜ்ஜி சொன்னதும் எதிராளிகள் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முகம் மாறும்.

ரிவர்சைடு பாலி பள்ளிக்கு அவர் ஆடிய நான்கு வருஷத்தில் அணி ஜெயித்தது 132, தோற்றது 4. 1982 ஜனவரி 26 அன்று நோர்ட்டே விஸ்டா பள்ளிக்கு எதிராக அவர் தனியாளாக 105 புள்ளி எடுத்தார். அன்றைய ஸ்கோர் 179-15. ரெஜ்ஜி அதே இரவு தன் பள்ளிக்காக 39 புள்ளி எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொல்லலாம் என்று வந்த கதை அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. தோற்றுக்கொண்டிருக்கிற அணியை அவ்வளவு தூரம் அடிக்கலாமா என்று அப்போதும் கேட்டார்கள், இப்போதும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், 15 புள்ளி எடுத்த அந்தப் பெண்களுக்கு அது நல்ல இரவாக இருந்திருக்க முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணின் ஆட்டத்தைப் பற்றி நாடு முழுக்க ஒரு வரி செய்தி வரவேண்டுமென்றால் இப்படி ஒரு எண்ணிக்கை தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த 105-க்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1990-ல் இங்கிள்வுட்டில் மார்னிங்சைடு பள்ளி மாணவி லிசா லெஸ்லி அந்தச் சாதனையைத் துரத்தி, முதல் பாதியிலேயே 101 புள்ளி எடுத்துவிட்டார். எதிரணி இரண்டாம் பாதிக்குக் கோர்ட்டில் இறங்க மறுத்துவிட்டதால் அது 101-லேயே நின்றது. அதே லெஸ்லி பிறகு செரிலிடம் மாணவியாக வந்தார், அதைப் பிறகு சொல்கிறேன். சாதனை 2006 வரை செரிலிடம் இருந்தது, நியூயார்க்கில் எபிஃபனி பிரின்ஸ் 113 எடுத்து உடைத்தார்.

அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ், யு.எஸ்.சி., அதாவது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். 1982-ல் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே மெக்கீ இரட்டையர், பாமும் பாலாவும், சிந்தியா கூப்பரும் இருந்தார்கள், பயிற்சியாளர் லிண்டா ஷார்ப். செரில் 188 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்தில் இருந்தவர்களை அந்நாளில் கூடைக்குக் கீழே நிறுத்தி வைப்பார்கள். இவர் ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்புகிற பந்தை, பிடித்து, தானே தரையில் தட்டி டிரிபிள் செய்துகொண்டு மறுமுனை வரை ஓடி, தானே போட்டுவிட்டு வருவார். இன்றைக்கு இது சாதாரணம், அன்றைக்குப் பெண்கள் ஆட்டத்தில் இப்படி ஆடியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

1983 ஃபைனலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. போட்டி, அதாவது கல்லூரி அணிகளின் தேசியப் போட்டி, அப்போதுதான் இரண்டாவது வருஷம். எதிரே நடப்புச் சாம்பியன் லூசியானா டெக் பல்கலைக்கழகம், பந்தை நடத்தியவர் கிம் மல்கி. இடைவேளையில் யு.எஸ்.சி. 11 புள்ளி பின்னால். மூன்று புள்ளிக் கோடே கிடையாது என்பதால் 11 புள்ளி என்றால் ஆறு கூடை, ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும். ஏறினார்கள். 69-67. செரில் எடுத்தது 27, முதல் வருஷ மாணவி, ஃபைனல் ஃபோர் என்கிற கடைசி நான்கு அணிகளின் சுற்றில் சிறந்த ஆட்டக்காரர். அடுத்த வருஷம் பாட் சம்மிட் பயிற்சி கொடுத்த டென்னசி பல்கலைக்கழகத்தை 72-61 என்று ஜெயித்து மறுபடியும் கோப்பை, மறுபடியும் அதே விருது. அதே 1984 கோடையில், அதே லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்ஸ். இப்போது சம்மிட் அமெரிக்க அணியின் பயிற்சியாளர், செரில் அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர், 1983-ல் எதிரணியில் நின்ற மல்கி சக ஆட்டக்காரர். ஃபைனலில் தென்கொரியாவை 85-55 என்று ஜெயித்தார்கள், அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தின் முதல் ஒலிம்பிக் தங்கம். பாம் மெக்கீக்கு அணியில் இடம் கிடைத்தது, பாலாவுக்குக் கிடைக்கவில்லை. பாம் தன் பதக்கத்தைக் கழற்றித் தன் இரட்டையின் கழுத்தில் போட்டார்.

சோவியத் யூனியன் அந்த ஒலிம்பிக்ஸுக்கு வரவில்லையே, வந்திருந்தால் தங்கம் கிடைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில் 1986-ல் மாஸ்கோவிலேயே கிடைத்தது. நல்லெண்ணப் போட்டியில் 83-60, பிறகு உலகக் கோப்பை ஃபைனலில் 108-88, இரண்டும் சோவியத் அணிக்கு எதிராக அவர்கள் மண்ணில். மூன்று வருஷத்துக்கு முன் இதே எதிரியிடம் உலகக் கோப்பை ஃபைனலை 84-82 என்று இரண்டு புள்ளியில் விட்டவர்கள் இவர்கள்.

கல்லூரிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்தில் 3,018 புள்ளி, 1,534 ரீபவுண்ட், அணி 112 வெற்றி 20 தோல்வி, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருது தொடர்ந்து மூன்று முறை. பெண்களுக்குச் சின்னப் பந்து 1984-85 சீசனில்தான் வந்தது, அதுவரை ஆண்கள் ஆடுகிற அதே பந்து. மூன்று புள்ளிக் கோடு கல்லூரிப் பெண்களுக்கு வந்தது 1987-88-ல், செரில் போன பிறகு. அந்த 3,018-ஐ இன்றைய ஸ்கோரர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைக்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எண்ணில் வராத ஒன்றும் இருக்கிறது. அவர் ஆடும்போது சும்மா ஆட மாட்டார். கூடை விழுந்தால் விரலை நீட்டுவார், கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டுவார், சிரிப்பார், கத்துவார், சக ஆட்டக்காரரைக் கட்டிப் பிடிப்பார். இதை அலட்டல் என்று எழுதியவர்கள் நிறைய. பெண்கள் அடக்கமாக வந்து அடக்கமாக ஆடிவிட்டுப் போக வேண்டும் என்று எதிர்பார்த்த காலம் அது. இன்றைய நட்சத்திரங்களில் கெய்ட்லின் கிளார்க் கோர்ட்டில் கையை ஆட்டினாலும் ஏஞ்சல் ரீஸ் விரலைக் காட்டினாலும் அதே பேச்சு வருகிறதே, அந்தப் பேச்சை நாற்பது வருஷம் முன்னாலேயே தனியாக வாங்கிக்கொண்டவர் செரில். என்னைக் கேட்டால் அவருடைய ஆட்டத்தில் பாதி அதுதான், அரங்கத்துக்கு வந்தவர்கள் மறுபடியும் வந்ததற்கு அந்தப் பாதியும் காரணம்.

1986-ல் கடைசி மேட்ச் டெக்ஸஸுக்கு எதிரான ஃபைனல், 97-81 என்று தோல்வி, செரில் ஐந்து ஃபவுல் ஆகி வெளியே உட்கார வேண்டியதாயிற்று. டெக்ஸஸ் அந்த வருஷம் 34-0. அதே வருஷம் யு.எஸ்.சி. அவருடைய 31-ஆம் ஜெர்சி எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது, ஆண்கள் பெண்கள் இருவரையும் சேர்த்து அந்தப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் அந்தக் கௌரவம் முதலில் கிடைத்தது அவருக்கு. ரெஜ்ஜியும் அதே 31-ஐத்தான் போட்டுக்கொண்டார், ஆனால் படித்தது எதிர்முகாமான யு.சி.எல்.ஏ.வில். அவர் ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போது எதிரணி ரசிகர்கள் "செரில்! செரில்!" என்று கத்தி வெறுப்பேற்றுவார்களாம். அன்றைக்குக் குடும்பத்தில் யார் பெரிய ஆள் என்பது அந்தக் கூச்சலிலேயே தெரிகிறது.

பிறகு? பிறகு போக இடமில்லை. வெளிநாட்டு கிளப்புகள் இருந்தன, சிந்தியா கூப்பர் அப்படித்தான் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய்ப் பத்து வருஷம்போல ஆடினார். ஆண்கள் லீக் ஒன்றுகூட செரிலைத் தேர்வுப் பட்டியலில் எடுத்துப் பார்த்தது. ஆனால் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது, 1988 ஒலிம்பிக்ஸ் கைவிட்டுப் போனது, ஆட்டம் அத்தோடு சரி. இருபத்து நான்கு வயதுகூட முழுசாக ஆடிப் பார்க்காமல் முடிந்துபோன ஆட்ட வாழ்க்கை அது. இன்றைக்கு லிகமென்ட் கிழிந்தால் ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறார்கள். வைத்தியம் வளர்ந்தது ஒரு காரணம், திரும்பி வருவதற்கு ஒரு லீக்கும் சம்பளமும் காத்திருப்பது இன்னொரு காரணம். செரிலுக்கு இரண்டும் இல்லை.

அதனால்தான் மைக்கும் விசிலும். இதை ஆட்டக்காரர் ஓய்வுக்குப் பிறகு தேர்ந்தெடுத்த இரண்டாவது தொழில் என்று பார்த்தால் தப்பாகிவிடும். கூடைப்பந்தை விட்டுப் போகாமல் இருக்க அப்போது இருந்த வழிகள் அவை. யு.எஸ்.சி.யில் துணைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே ஏ.பி.சி. டிவியில் விளையாட்டுச் செய்தியாளராகவும் வேலை பார்த்தார்.

1993-ல் யு.எஸ்.சி.யின் தலைமைப் பயிற்சியாளர் பதவி வந்தது, வந்த விதம் நல்ல விதமில்லை. அதற்கு முன் இருந்தவர் மேரியன் ஸ்டான்லி, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தில் மூன்று தேசியக் கோப்பை வாங்கியவர். ஆண்கள் அணியின் பயிற்சியாளர் ஜார்ஜ் ரேவ்லிங்குக்குத் தருகிற சம்பளத்தைத் தனக்கும் தர வேண்டும் என்று கேட்டார், பேச்சு முறிந்தது, ஒப்பந்தம் முடிந்து வெளியேறி வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1994-லும் 1999-லும் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சம ஊதியம் பற்றி அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் எடுத்துப் பேசுகிற வழக்கு அது. வழக்கு சூடாக இருக்கும்போதே அந்த நாற்காலியில் செரில் உட்கார்ந்தார். சக பயிற்சியாளர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டான்லி கேட்டது நியாயம் என்பது என் கருத்து. செரில் அந்த வேலையை ஒத்துக்கொண்டதும் எனக்குப் புரிகிறது, அவருக்கு அது தாய்வீடு, வயது 29, இன்னொரு தடவை கூப்பிடுவார்கள் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

வந்த முதல் வருஷத்திலேயே அணி மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்களின் பேக்-10 பட்டத்தை எடுத்தது, 26 வெற்றி 4 தோல்வி, என்.சி.ஏ.ஏ.வில் கடைசி எட்டு வரை போய் லூசியானா டெக்கிடம் தோற்றது. லிசா லெஸ்லி கடைசி வருஷம், டினா தாம்ப்சன் முதல் வருஷம். கையில் நல்ல ஆட்கள் இருந்தார்கள் என்பீர்கள், ஆமாம் இருந்தார்கள். ஆனால் பழைய பயிற்சியாளர் போன கோபத்தில் இருந்த பிள்ளைகளைச் சில வாரங்களில் தன் பக்கம் திருப்பி ஆட வைத்தது செரில். இன்னொன்று: யு.எஸ்.சி. மறுபடியும் கடைசி எட்டுக்குப் போக 2024 வரை, முப்பது வருஷம் ஆனது. பயிற்சியாளராக அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்கிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

இரண்டு சீசனோடு 1995-ல் அவர் விலகியது எனக்கு இன்றும் வருத்தம். அதே வருஷம் கூடைப்பந்தின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், அதே வருஷம் டர்னர் தொலைக்காட்சிக்கு என்.பி.ஏ. வேலைக்குப் போனார்.

டிவி வேலையைக் கொஞ்சம் பேசலாம், ஏனென்றால் மைக்கோடு நின்றவர் என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். கோர்ட் ஓரச் செய்தியாளருக்குக் கிடைப்பது அரை நிமிஷம். கால்பகுதி முடிந்து, தோற்றுக்கொண்டிருக்கிற பயிற்சியாளர் எரிச்சலோடு நடந்து வருவார், இரண்டு கேள்விதான் கேட்க முடியும், அது பார்க்கிறவருக்கும் புரிய வேண்டும், அவருக்கும் பதில் சொல்லத் தோன்ற வேண்டும். பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பொத்தாம் பொதுவாகத்தான் பதில் வரும். செரில் ஆட்டத்துக்கு உள்ளிருந்து கேட்பார், எந்த ஆளை யார் மறிக்கிறார்கள், ஏன் மாற்றினீர்கள் என்று. எதிரே நிற்கிறவருக்கு, கேட்பவர் தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் என்று தெரியும். அந்த மரியாதை திரையிலேயே தெரியும். 1996 நவம்பரில் நாடு முழுக்க ஒளிபரப்பான ஒரு என்.பி.ஏ. மேட்சில் நிபுணர் வர்ணனை செய்தார், அந்த இடத்தில் உட்கார்ந்த முதல் பெண் அவர். இன்று டோரிஸ் பர்க் என்.பி.ஏ. ஃபைனல்ஸுக்கே வர்ணனை செய்திருக்கிறார் என்றால் முதல் கதவு திறந்தது அன்றைக்கு. தம்பி ஆடுகிற மேட்சில் அக்காவே செய்தியாளராக நிற்பதும் நடந்தது. 2005-ல் ரெஜ்ஜி ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தியை டர்னரின் டி.என்.டி. சேனலில் சொன்னதே செரில்தான். 2012-ல் ரெஜ்ஜியும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் வந்தார், அங்கே அக்கா தம்பி இருவரும் இருப்பது முதல் தடவை, அக்கா 17 வருஷம் முன்னால்.

இப்போது ஃபீனிக்ஸ். 1997-ல் டபிள்யூ.என்.பி.ஏ. எட்டு அணிகளோடு தொடங்கியபோது ஃபீனிக்ஸ் மெர்க்குரிக்குப் பயிற்சியாளர், பொது மேலாளர் இரண்டும் செரில்தான், முதல் நாளிலிருந்தே. ஜெனிஃபர் கில்லம், ஆஸ்திரேலியாவின் மிஷெல் டிம்ஸ், 39 வயதில் ஆட வந்த நான்சி லீபர்மன் என்று சேர்த்த அணி. லீபர்மனும் லீக் இல்லாத தலைமுறைதான், ஒரு சீசனாவது ஆடிவிட வேண்டும் என்று வந்தவர். அவர் கல்லூரியில் ஆடியது மேரியன் ஸ்டான்லியிடம், அவ்வளவு சின்ன உலகம் அது. கோர்ட் ஓரத்தில் செரில் ஒரு இடத்தில் நிற்கவே மாட்டார், ஆடுகிறவர்களோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருப்பார், ஃபீனிக்ஸ் ரசிகர்கள் அதற்கென்றே வருவார்கள். முதல் சீசனில் மேற்குப் பிரிவில் முதலிடம், அரையிறுதியில் நியூயார்க்கிடம் தோல்வி.

1998 ஃபைனல்ஸ்தான் அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையின் உச்சம், அதைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது சரியில்லை. எதிரே ஹூஸ்டன் காமெட்ஸ், அந்த சீசனில் 27 வெற்றி, 3 தோல்வி. அந்த அணியின் மூன்று பெரிய ஆட்டக்காரர்களில் ஷெரில் ஸ்வூப்ஸ் ஒருவர். மற்ற இருவர் யார் தெரியுமா? செரிலின் கல்லூரித் தோழி சிந்தியா கூப்பர், செரிலின் மாணவி டினா தாம்ப்சன். மூன்றில் இரண்டு ஜெயித்தால் கோப்பை. முதல் மேட்ச் ஃபீனிக்ஸில், 54-51 என்று மெர்க்குரி ஜெயித்துவிட்டது. 27-3 அணியை 51 புள்ளியில் நிறுத்தியது சாதாரண வேலை இல்லை. இரண்டாவது மேட்ச் ஹூஸ்டனில், இரண்டாம் பாதியில் மெர்க்குரி நல்ல முன்னிலையில் இருந்தது, இன்னும் சில நிமிஷம் தாங்கியிருந்தால் கோப்பை. ஹூஸ்டன் துரத்திப் பிடித்துக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோய் 74-69 என்று எடுத்தது. மூன்றாவது மேட்ச் 80-71. கூப்பருக்கு அந்த வருஷமும் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, வயது 35. செரிலைவிட ஒன்பது மாதம் மூத்தவர். கூப்பர் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கல்லூரியில் செரிலுக்குப் பின்னால் நின்ற ஒருவர் 35 வயதில் இதைச் செய்கிறார் என்றால், முழங்கால் நல்லபடி இருந்து லீக் பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் செரில் என்ன செய்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நான்கு சீசன், 70 வெற்றி, 52 தோல்வி. 2000-ல் 20-12 என்று நன்றாக ஆடிவிட்டு முதல் சுற்றில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸிடம் தோற்றார்கள், அந்த அணியின் தூண் லிசா லெஸ்லி. களைப்பாக இருக்கிறது என்று சொல்லி செரில் விலகினார். அடுத்து மெர்க்குரிக்குப் பயிற்சியாளராக வந்தது யார் என்றால் சிந்தியா கூப்பர். அதன் பிறகு 14 வருஷம் செரில் பயிற்சியாளர் வேலைக்கே வரவில்லை, முழுக்க டிவிதான்.

கோப்பை ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. கிம் மல்கியைப் பாருங்கள், ஆடி முடித்த கையோடு லூசியானா டெக்கில் துணைப் பயிற்சியாளராகப் பெஞ்சில் உட்கார்ந்தவர், பிறகு பேலர், எல்.எஸ்.யு. பல்கலைக்கழகங்கள் என்று விட்டுவிடாமல் அதே வேலையில் இருந்தார், கோப்பைகள் வந்தன. பயிற்சியாளர் வேலையில் ஆள் பிடிப்பது, அணியைக் கட்டுவது, இரண்டாவது மூன்றாவது தலைமுறை மாணவிகள் வந்து சேர்வது, எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பல வருஷம் வேண்டும். செரில் எந்த இடத்திலும் நான்கு சீசனுக்கு மேல் தங்கவில்லை, அந்தக் காலத்தில். தொட்ட இடத்திலெல்லாம் அணி உடனே மேலே வந்தது, கோப்பை வருகிற அளவுக்கு அவர் இருக்கவில்லை. திறமைக் குறை இல்லை, கால அளவு குறைவு, அதற்கு அவரும் ஒரு காரணம்தான்.

2014-ல் ஓக்லஹோமாவில் லாங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பழைய கல்லூரிகளில் ஒன்று, சின்ன ஊர், டிவி வெளிச்சம் இல்லாத பிரிவில் ஆடுகிற அணி. ஹால் ஆஃப் ஃபேம் ஆள் ஒருவர் ஐம்பது வயதில் அங்கே போய்ப் பஸ்ஸில் பிள்ளைகளோடு பயணம் செய்யத் தேவையே இல்லை. போனார். 2016-ல் அங்கிருந்து கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துக்கு, அதுவும் இரண்டாம் நிலைப் பிரிவுதான். பெரிய சம்பளமும் பெரிய பெயரும் இல்லாத அணிகளைத்தான் அவர் கடைசியில் தேர்ந்தெடுத்தார், அவர் பயிற்சியாளர் வேலையை எவ்வளவு விரும்பினார் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை.

ஆடி, டிவியில் பேசி, பயிற்சியாளராகவும் ஆகிற பாதை இப்போது சாதாரணமாகிவிட்டது. லீபர்மன் மூன்றையும் செய்தார், 2009-ல் என்.பி.ஏ.வோடு இணைந்த ஒரு ஆண்கள் அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். காரா லாசன் டபிள்யூ.என்.பி.ஏ. கோப்பையும் ஒலிம்பிக் தங்கமும் வாங்கி, இ.எஸ்.பி.என். டிவியில் பேசி, பாஸ்டன் செல்டிக்ஸில் துணைப் பயிற்சியாளராக இருந்து, 2020-ல் டியூக் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். செரில் போனபோது இந்தப் பாதையில் தடம் அதிகம் இல்லை.

2024 ஜூலையில் அவரை மறுபடியும் ஃபீனிக்ஸுக்குக் கூப்பிட்டார்கள், டபிள்யூ.என்.பி.ஏ. ஆல் ஸ்டார் மேட்சுக்கு. பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போகிற அமெரிக்க அணிக்கு எதிராக, அதில் இடம் கிடைக்காதவர்கள் ஆடிய அணி. கெய்ட்லின் கிளார்க், ஏஞ்சல் ரீஸ், அரிக்கே ஒகுன்போவாலே எல்லோரும் இதில், பயிற்சியாளர் செரில். 117-109 என்று ஒலிம்பிக் அணியையே ஜெயித்தார்கள், ஒகுன்போவாலே மட்டும் 34 புள்ளி. காட்சிப் போட்டிதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் சில நாளே சேர்ந்திருந்த ஆட்களை இப்படி மும்முரமாக ஆட வைத்ததைப் பார்த்தபோது 1994 யு.எஸ்.சி. அணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எல்லாக் காலத்துக்கும் சிறந்தவரா என்றால், முழு ஆட்ட வாழ்க்கையை எடுத்தால் நான் டயானா டொராஸியையோ லெஸ்லியையோ முதலில் சொல்வேன், அவர்கள் இருபது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ஆடிக் காட்டினார்கள். பதினெட்டு வயது முதல் இருபத்திரண்டு வயது வரை மட்டும் எடுத்தால் செரிலுக்கு மேலே ஒருவரை வைக்க எனக்குக் கை வராது. இப்போது யு.எஸ்.சி.யில் ஜூஜூ வாட்கின்ஸை அவரோடு ஒப்பிடுகிறார்கள், 2025-ல் நெய்ஸ்மித் விருதும் வாங்கினார், அதே மார்ச்சில் அதே லிகமென்ட் அவருக்கும் கிழிந்தது. அந்தப் பெண் திரும்பி வந்து ஆட ஒரு லீக் காத்திருக்கிறது.

பார்க்க ஆரம்பிப்பதென்றால் 1983 ஃபைனலின் இரண்டாம் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். பந்து கையில் இல்லாதபோது 31-ஆம் எண் எங்கே ஓடுகிறார் என்று மட்டும் பத்து நிமிஷம் கவனியுங்கள். அது பிடித்திருந்தால் அடுத்து 1998 ஃபைனல்ஸ் முதல் மேட்ச், அதில் மெர்க்குரியின் தடுப்பாட்டத்தைப் பாருங்கள்.